தாழ்வாரம் கிழக்கே இருந்தது

நீ கொடுத்துவிட்டுப் போன காகிதக் கட்டை நேற்று சாயங்காலத்தோடு படித்து முடித்தேன். கண்புரை எடுத்த பிறகு நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் என் மகள் எழுதியதுதான் என்று, பால் ஊற்ற வருகிறவரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். "எம்புட்டுப் பக்கம் இருக்கும்மா?" என்று கேட்டார். முந்நூறுக்கு மேல் என்றேன். "அம்புட்டும் ஒரே ஆளப் பத்தியா? அப்படி என்ன செஞ்சாரு அவரு?" என்றார். கட்டடம் கட்டினார் என்றேன். சிரித்துக்கொண்டே பாத்திரத்தை மூடிவிட்டுப் போனார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்கு நாலு பேர் கட்டடம் கட்டுகிறார்கள், இதற்கு ஒரு புத்தகமா என்று நினைத்திருப்பார்.

"மாசக் கடைசியில அச்சுக்குப் போகுதும்மா. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் வட்டம் போட்டு வையி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். போட்டிருக்கிறேன், பதினோரு வட்டம். ஒற்று விடுவதில் நீ இன்னும் ஆறாம் வகுப்பில்தான் இருக்கிறாய். ஆனால் பன்னிரண்டாவதாக ஒரு பிழை இருக்கிறது, அதை வட்டம் போட்டுக் காட்ட முடியாது. ஏழாவது அத்தியாயம் முழுக்க அதுதான். அதைப் போட்டவள் நீ இல்லை, நான். போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் நீ "அம்மா, சரியா கேக்கல" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நீ உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படிக்காதே.

ஹார்ட்வெல் துரையின் வாழ்க்கையை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரைச் சிற்றூரில் தச்சர் மகனாகப் பிறந்தது, பகலெல்லாம் வேலை பார்த்து மாலை வகுப்பில் கட்டடக்கலை படித்தது, யுத்தத்தில் பாலம் கட்டப் போனது, அப்படியே நம் பக்கம் வந்து இறங்கி இந்த வெயிலைப் பார்த்துவிட்டு 'இங்கே கட்டுவதுதான் கட்டுவது' என்று தங்கைக்குக் கடிதம் எழுதியது, எல்லாமே எனக்குப் புதுசு. நாலு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவள் நான், அவர் தச்சர் மகன் என்று உன் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவர் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றியும், மத்தியானத்திலும் விளக்குப் போடாமல் படிக்கிற அந்த நூலகத்தைப் பற்றியும் நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, இந்த மனிதருடைய மேஜைக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேனே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு திருத்தம் மட்டும். அவர் சர்க்கரை இல்லாமல் டீ குடித்தார் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொன்னவளும் நான்தான், அது சுத்தப் பொய். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் பால்கோவா வாங்கிப் போனால் பொட்டலத்து இலையையும் வழித்துத்தான் போடுவார். நீ போனை மேஜைமேல் வைத்து 'ரெக்கார்டு ஆகுதும்மா' என்றதும் எனக்கு என்னவோ பெரிய மனிதரைப் பற்றிப் பேசுகிறோம், கொஞ்சம் உசத்தியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றிவிட்டது. சின்னப் பொய் வந்த வாயில் பெரிய பொய்யும் வந்தது.

நீ கேட்ட கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஏம்மா, இத்தனை நல்லாக் கட்டுன மனுஷன், ராஜபாளையத்து மில் ஹாஸ்டல்ல மட்டும் எப்படிம்மா காத்துக்கு நேரா தாழ்வாரத்த வச்சாரு?" என்று கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவரு வெள்ளக்காரரு. நம்ம ஊரு காத்து அவருக்கு என்ன தெரியும்?" என்றேன். அந்த ஒரு வரியை எடுத்து ஏழாவது அத்தியாயத்தின் தலையில் வைத்துவிட்டாய். 'அவருடன் பணியாற்றிய உள்ளூர்ப் பெண் ஒருவர்' சொன்னதாகப் போட்டு, இருபது பக்கத்துக்கு, எத்தனை திறமை இருந்தாலும் அயலூர்க்காரருக்கு ஒரு மண்ணின் காற்று பிடிபடாது என்று எழுதியிருக்கிறாய். அழகான நடை. ஆனால் அத்தனையும் தப்பு. ஏனென்றால் எங்கள் எல்லாரையும்விட அந்தக் காற்றைத் தெரிந்து வைத்திருந்தது அவர் ஒருத்தர்தான்.

புத்தகத்தின் பின்னால் அவருடைய நோட்டுப் புத்தகப் பக்கம் ஒன்றைப் படமாகப் போட்டிருக்கிறாய். நாள்வாரியாக, வேளைவாரியாகச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். கீழே 'இவற்றின் பொருள் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும் மகளே. ஹாஸ்டல் கட்டுவதற்கு முந்தின வருஷம் முழுக்க, அவர் மில்லிலிருந்து ஒரு பை நிறையக் கழிவுப் பஞ்சு வாங்கி வைத்துக்கொண்டு, காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் அந்த வெறும் பொட்டலில் போய் நின்று ஒரு பிடி பஞ்சைக் காற்றில் விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அம்புக்குறி போடுவார். ஊரே சிரித்தது. ஹார்ட்வெல் என்ற பேர் கொத்தனார்கள் வாயில் நுழையாமல் அவர் 'வேலு தொரை' ஆகியிருந்தார். "வேலு தொரை இன்னைக்கும் பஞ்சு பறக்கவிடப் போயிட்டாவ" என்று ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொள்வார்கள். அவர் கிறுக்கலை நல்ல நோட்டில் சுத்தமாக எடுத்து எழுதியது நான். நீ படம் பிடித்துப் போட்டிருக்கிற அம்புக்குறிகள் உன் அம்மா கையால் போட்டவை.

அந்த நோட்டை வைத்துத்தான் அவர் ஹாஸ்டலை வரைந்தார். மில்லில் காலை ஷிப்டு முடித்துவிட்டு மத்தியானம் வந்து படுக்கிற பெண்களுக்கான கட்டடம். வடக்கு தெற்காக நீளமாக ஒரே வரிசை அறைகள். மேற்கே மலைப்பக்கம் கனத்த சுவர், அதில் உயரத்தில் மட்டும் சின்னச் சின்னத் திறப்பு. ஆனி ஆடியில் மலையிலிருந்து புழுதியும் சாரலுமாக இறங்கும் மேல்காற்று அந்தச் சுவரில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாகக் குளிர்ச்சியாக மட்டும் உள்ளே வரவேண்டும். மத்தியான வெயிலும் அந்தச் சுவரோடு நின்றுவிடும். கிழக்கே அகலமான தாழ்வாரம். பெண்கள் துணி காயப்போடவும், தலைவாரவும், உட்கார்ந்து பேசவும் நிழலான இடம். தாழ்வாரம் கிழக்கே இருந்தது. அவர் பென்சிலால் வரைந்ததில் கிழக்கேதான் இருந்தது.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், அப்போதுதான் தப்பு எப்படி நடந்தது என்று விளங்கும். அவர் மெல்லிய பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து கொடுப்பார். அதன்மேல் டிரேசிங் ஷீட்டை விரித்து, கீழே தெரிகிற கோடுகளை நான் மையால் இழுக்கவேண்டும். அளவும் எழுத்தும் தனியாக ஒரு தாளில் தருவார், கடைசியில் அவற்றை நான் எழுதுவேன். வலது கீழ் மூலையில் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒன்றில் அவர் கையெழுத்து, பக்கத்துக் கட்டத்தில் டிரேஸ் செய்தவளின் இரண்டெழுத்து. அந்த ஷீட்டிலிருந்துதான் புளூ பிரிண்ட் எடுத்து வேலைத்தலத்துக்குப் போகும். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானில் முடிந்துவிடுகிறது, ரொம்ப நல்லது, என் முதுகு அந்த மேஜையில்தான் போனது.

ஹாஸ்டல் ஷீட்டை நான் மையில் இழுக்கவேண்டிய அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் புடவை மாற்றி நிற்கவேண்டும். துரைக்கோ அன்றைக்கே ஊருக்குக் கிளம்பவேண்டும். தங்கைக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று தந்தி வந்திருந்தது, போனால் மூன்று மாசம் ஆகும் என்றார். மத்தியானத்துக்குள் ஷீட்டை முடித்துக் கொடுத்தால்தான் அவர் கையெழுத்துப் போட முடியும். பட்டர் பேப்பரைப் பலகையில் விரித்து, பின் குத்தப் போகிற நேரம் ஜன்னல் வழியாகக் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. பேப்பர் பறந்து அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே எடுத்து வந்து, நாலு மூலையிலும் பின் குத்தினேன். புரண்டு கிடந்திருக்கிறது. பட்டர் பேப்பரில் முன் பக்கம் பின் பக்கம் இரண்டிலும் கோடு ஒரே மாதிரிதான் தெரியும். எழுத்து ஒன்று இருந்திருந்தால் திருப்பிப் போட்டதுபோலத் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்துதான் தனித்தாளில் இருந்ததே. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடமும் வலமும் மாறிய படத்தை நான் வெகு சுத்தமாக மையில் இழுத்தேன். மேலே வடக்கு என்று அம்புக்குறி போட்டேன். அளவு எழுதினேன். என் இரண்டெழுத்தைப் போட்டேன்.

துரை பெட்டியோடு வந்து நின்றார். ஷீட்டை ஒரு பார்வை பார்த்தார், மனசெல்லாம் தங்கையிடம். கொத்தனார்களிடம் கற்ற தமிழ் அவருக்கு. "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். செத்த அந்தப் பேனாவக் குடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார்கள், அந்த வரன் அதோடு சரி. அவர்களுக்காகவா இந்த அவசரம் என்று இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இதுவரை சொன்னதை உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதை அவரிடமும் சொன்னதில்லை. அஸ்திவாரம் தோண்டக் கயிறு பிடித்த அன்று, சுப்பையா மேஸ்திரி புளூ பிரிண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும், துரைக்கு வலதுகை மாதிரி. வாசலிலேயே நின்றார். "தாயி, ஒரு சந்தேகம். தொரை எங்கிட்ட பேசயில தாழ்வாரம் கெழக்க வருதுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இதுல மேக்க இருக்கு. எதுக்கும் செத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் டிராயிங் பரீட்சை பாஸான சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த காலம் அது. படிக்காதவர் வந்து என் படத்தில் குறை சொல்கிறாரே என்று சுருக்கென்றது. ரோலை வாங்கி விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "மேஸ்திரி, பிளான்ல என்ன இருக்கோ அதக் கட்டுங்க. பேச்சுல சொன்னதெல்லாம் பாத்துக் கட்ட முடியுமா?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பர் புரண்டது கைத்தப்பு, அது யாருக்கும் வரும். அந்த மனிதர் படியேறி வந்து கேட்டபோது ரோலை விரிக்காமல் விட்டேனே, அதுதான் என் பாவம். அலமாரியில் பட்டர் பேப்பர் இருந்தது, நோட்டும் இருந்தது, இரண்டு நிமிஷம் போதும்.

துரை திரும்பி வரும்போது சுவர் கூரை மட்டத்துக்கு ஏறி, உள்பூச்சும் ஆரம்பித்திருந்தது. தங்கை பிழைத்துவிட்டார் என்று சந்தோஷமாக வந்தார். வேலைத்தலத்தைப் பார்க்கப் போகலாம், நீங்களும் வாங்க என்று என்னையும் கூப்பிட்டார். அதுவரை நான் அங்கே போனதே இல்லை. வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார். பழக்கதோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போனது, ஒரு பிடி பஞ்சை எடுத்துக் காற்றில் விட்டார். பஞ்சு தாழ்வாரத்துக்குள் புகுந்து, அறைக்குள் நேராகப் போய், எதிர்ச்சுவரின் ஈரப்பூச்சில் அப்பிக்கொண்டது. எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. அவர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பையா மேஸ்திரி என் பக்கம் திரும்பினார், பிறகு தரையைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மில் மானேஜர் ஆபீசுக்கே வந்தார். ஆனி பிறந்து காற்று ஆரம்பித்திருந்தது, அறையெல்லாம் புழுதி, யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரியின் பிரிண்ட் சிமெண்டுத் தண்ணீரில் ஊறி மூலையெல்லாம் கிழிந்து கிடந்தது. அதனால் மூல ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னார். மேஜைமேல் விரித்துவிட்டு, "இத யார் போட்டது?" என்று கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். 'நான்தான் சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. துரை, "நான்தான் போட்டேன். கையெழுத்து இருக்கு பாருங்க. என் தப்பு" என்றார். மானேஜர் எழுந்து போகும்போது கூட வந்தவரிடம், "வெள்ளக்காரருக்கு நம்ம ஊரு காத்து என்ன தெரியும்? நம்மளச் சொல்லணும்" என்றார். ஆமாம் மகளே, உன் போனில் நான் சொன்ன வார்த்தை அவருடையதுதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்தது, சமயம் பார்த்து என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு நடந்ததை நீயே எழுதியிருக்கிறாய். அடுத்து மில்லுக்காக அவர் கட்டவேண்டிய பள்ளிக்கூடமும் குடியிருப்பும் கைவிட்டுப் போயின. பேச்சு மதுரை வரைக்கும் பரவி, அங்கே பேசி வைத்திருந்த வேலைகளும் நின்றன. ஆபீசைப் பூட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு நகராட்சியில், மற்றவர்கள் வரைந்து கொண்டுவரும் பிளானைப் பார்த்து முத்திரை குத்தும் வேலையில் கடைசி வரை இருந்தார், அதற்குப் பிறகு ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அதை மறுபடி திறக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவர் தங்கைக்கு எழுதியதாக ஒரு வாக்கியம் போட்டிருக்கிறாய்: 'என் அலுவலகத்தில் நடந்தது, ஆகவே அது என் தவறு.' அதற்குக் கீழே 'இது விளங்காத வாக்கியம்' என்று வேறு எழுதி வைத்திருக்கிறாய். அதில் விளங்காதது ஒன்றும் இல்லையடி. உனக்கு விளக்கவேண்டியவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் கிளம்புகிற அன்று என்னைக் கூப்பிட்டு ஒரு ரோலைக் கொடுத்தார். "இது உங்க வேலை. நல்ல கோடு. வச்சுக்கோங்க" என்றார். நான் அழுதேன். "சார், பேப்பர் புரண்டு போச்சு சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. "தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றார். மேஸ்திரி வந்து கேட்டதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ரோலை விரித்துப் பார்த்தால், அந்த ஹாஸ்டல் ஷீட். வலது மூலையில் என் இரண்டெழுத்து இருந்த கட்டம் காலி. மையில் போட்ட எழுத்தைப் பாதி பிளேடால் சுரண்டித்தான் எடுப்போம். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்துப் போடும் மை பரவிவிடும். அதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த காரியம். இது தெரியாத கை சுரண்டியது. காகிதம் பஞ்சுபோல எழும்பி நின்றது. மானேஜர் வருவதற்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்.

அதன் பிறகு எனக்கு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த உன் அப்பா வந்தார், நீ பிறந்தாய். கல்யாணமான வருஷம் ஆடியில் ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண், மடியில் பெரிய பை. பை ஈரமாக இருந்து என் புடவையும் நனைந்தது. "கோவிச்சுக்காதீங்கக்கா, போர்வை. ஹாஸ்டல்ல காய மாட்டேங்கு, வீட்டுல போட்டு எடுத்துட்டு வாரேன். சாரல் அம்புட்டும் கட்டில்லதான் விழுது. அதக் கட்டுன மகராசன் ஒரு நாள் வந்து அங்க படுத்துப் பாக்கணும்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். துரைக்கு மட்டும் நான் செய்த கெடுதல் இல்லை அது. தகரம் அடித்து அந்தத் தாழ்வாரத்தை மூடும் வரைக்கும் எத்தனை பெண்கள் ஈரக் கட்டிலில் படுத்தார்களோ. தகரம் அடித்த பிறகு இருட்டு. இப்போது கோடவுன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் பேப்பர் புரண்ட கதையைச் சொன்னேன். அவர் கோர்ட்டில் தினமும் பொய் கேட்டுப் பழகிய மனுஷர், பதறவில்லை. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என்னைக்காவது நீயா சொல்லணும்" என்றார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், நீ அந்தப் புத்தகத்தை ஆரம்பித்திருக்கிறாய் என்று கேட்டதும், "இப்பவாவது சொல்லிரு" என்றார். சரி என்று தலையாட்டினேன். அதற்கு அடுத்த மாசம்தான் நீ போனை மேஜைமேல் வைத்தாய்.

ஆறாம் வகுப்பில் நீ லைப்ரரிப் புத்தகத்தில் மையைக் கொட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அலமாரியில் திருப்பி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் உன்னை ரெண்டு அடி வைத்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் டீச்சர் முன்னால் நிறுத்தினேன். வழியெல்லாம் அழுதாய். "ஏட்டி, தப்பு பண்றது பெருசில்ல, மறைக்கிறதுதான் பெருசு" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். கத்தியவளின் வீட்டுப் பரணில்தான் அந்த ரோல் இருந்தது. அதே வருஷம் பஸ்ஸில் போகும்போது, "அந்தக் கட்டடத்துக்கு ஏம்மா சுத்தித் தகரம்?" என்று கேட்டாய். "மழைக்கு" என்றேன். நீ விடாமல், "மழ வரும்னு கட்டும்போதே தெரியாதா?" என்றாய். அன்றைக்கே நீ கட்டடம் படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அன்று அடித்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் சிரிப்பாய். கேட்டுக்கொள்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை. இருந்தாலும் அம்மா என்ற உரிமையில் இரண்டு சொல்கிறேன். உன்னிடம் வேலை பார்க்கிற பிள்ளைகள் தப்பு செய்துவிட்டு வந்து நின்றால், முதல் வார்த்தையிலேயே கத்தாதே. கத்தினால் அடுத்த தடவை வரமாட்டார்கள். கட்டுகிறவர் யாராவது படியேறி வந்து சந்தேகம் கேட்டால், எத்தனை அவசரமானாலும் ரோலை விரித்துப் பார். இன்னொன்றும் உண்டு. யார் சொன்னாலும் விசாரித்துக்கொள், சொன்னது பெற்றவளாக இருந்தாலும். எல்லாரிடமும் இரண்டாவது ஆளை வைத்துச் சரிபார்த்தவள் என் வார்த்தையை மட்டும் அப்படியே எழுதிவிட்டாய்.

அதனால் ஏழாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுது. அச்சுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், தேதி தள்ளிப்போகும், போகட்டும். அடுத்த மாதம் நீ இங்கிலாந்துக்குப் போய் மேடையில் பேசும்போது, அவருடைய தங்கை மகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்றாயே, நோட்டுப் பெட்டியெல்லாம் கொடுத்து உதவிய அம்மாள். தன் மாமாவுக்குக் காற்று தெரியாது என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர். அந்த அம்புக்குறிகள் என்னவென்று அவருக்கு நீ சொல்லவேண்டும். சொல்லும்போது 'உள்ளூர்ப் பெண் ஒருவர்' என்று சொல்லாதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பேர் போடாமல் விட்டிருப்பாய், உன் மனசு எனக்குத் தெரியும். என் முழுப் பேரையும் போடு, உன் அம்மா என்றும் போடு, மேஸ்திரி வந்து கேட்டதையும் போடு. படித்துவிட்டு நீ என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்தாலும் சரி, எழுதிவிடு.

அந்த ரோலை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது, மெதுவாக விரி. இன்று காலை பழைய பேனாவைத் தேடி எடுத்து, வெந்நீரில் கழுவி, உன் பிள்ளை விட்டுப்போன மை புட்டியில் தோய்த்து, அந்தக் காலிக் கட்டத்தில் என் இரண்டெழுத்தைத் திரும்ப எழுதினேன். சுரண்டிய இடம் ஆயிற்றே, மை பரவிவிட்டது. ஆனாலும் யார் எழுத்து என்று தெரிகிறது. இவளுக்கு இருபத்திரண்டு வயதுதானே ஆகிறது, பிழைத்துப் போகட்டும் என்று அவர் ஒரு தடவை என் பேரைச் சுரண்டி எடுத்தார். எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நீ சுரண்டாதே.